அறுபது பெட்டி

பதினேழாவது கொண்டை ஊசி வளைவில் சொல்லியிருக்கலாம், பதினாறிலும் சொல்லியிருக்கலாம், அதெல்லாம் எதற்கு, அடிவாரத்தில் காரவள்ளி டீக்கடை முன்னால் நின்றபோதே சொல்லியிருந்தால் இந்நேரம் முடிந்துபோயிருக்கும் என்று சிற்றரசு நினைத்துக்கொண்டான். செங்கோடன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாலு டயரையும் ஒவ்வோர் உதை உதைத்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “எல்லாஞ் சரிதானுங்க சார், ஏறிரலாமுங்களா?” ஏறிரலாம் என்றுதான் வாயில் வந்தது. வந்த சொல்லைத் திரும்ப உள்ளே இழுக்கிற மாதிரி டீயை ஒரே மடக்கில் குடித்தான், நாக்கு வெந்துபோனது, இப்போதும் நுனியில் மரத்துக் கிடக்கிறது. பின்னால் தொட்டியில் அறுபது பெட்டி டைல்ஸ் இருப்பது செங்கோடனுக்குத் தெரியும். பெட்டிக்கு இருபத்தெட்டு கிலோ, ஒன்றரை டன் இழுக்கிற வண்டிக்கு நூற்றெண்பது கிலோ கூடுதல் என்று அவரே விரல்விட்டுப் பார்த்து, “நூத்தி எம்பதுதானுங்களே, என்ற பேச்சைக் கேக்கும்” என்று வண்டியின் நெற்றியைத் தட்டிக்கொடுத்தார். அறுபது பெட்டிக்குக் கீழே, வைக்கோலுக்கும் கீழே, இருபத்தெட்டு கிரானைட் படிக்கற்கள் படுத்திருப்பது அவருக்குத் தெரியாது. கல் ஒன்றுக்கு முப்பது கிலோ. எண்ணூற்று நாற்பது. அந்தக் கூட்டலை மூளை தானாகப் போட்டுவிட்டுத் தானாக அழித்தது, மறுபடி போட்டது.

போன வாரம் பேசும்போதே அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “டைல்ஸுன்னா டைல்ஸு, கல்லுன்னா கல்லு. ரெண்டையும் ஒரே நடையில என்ற வண்டியில ஏத்த மாட்டனுங்க, கோவிச்சுக்காதீங்க.” கல்லுக்கென்று சொல்லி வைத்த வேறு வண்டி இன்று காலையில் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைமேல் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள், பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, சாலையிலிருந்து வாசலுக்கு ஏற இருபத்தெட்டு படி வேண்டும், இருப்பதோ வெறும் செம்மண் சரிவு, மழை தூறினால் ஆடுகூட ஏறாது. செங்கோடனும் அவர் சம்சாரம் பாவாயியும் எதிரே மெஸ்ஸில் சாப்பிடப் போயிருந்த அரைமணியில் டைல்ஸ் கடை மேஸ்திரி பக்கத்தில் வந்து, “அவிய வர்றதுக்குள்ள அடியில பரப்பிரலாம் சார், மேல வைக்கோலைப் போட்டுப் பெட்டிய அடுக்கிட்டா யாரு பாக்கப் போறா” என்றார். சிற்றரசு ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலை ஆடியது. காற்றுக்கு ஆடுகிற மாதிரி, யாருடைய தலையோ ஆடுகிற மாதிரி. அவர்கள் பல்லைக் குத்திக்கொண்டு திரும்பி வந்தபோது முப்பதாவது பெட்டி ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியும் ஏறிய பிறகு செங்கோடன் குனிந்து பின்சக்கரத்து மேலே பாரம் தாங்குகிற வில்பட்டையைப் பார்த்தார். “என்னுங்க இது, பட்டை இப்பிடிப் படுத்துக் கெடக்குது?” பெரிய சைஸ் டைல்ஸ் அண்ணா, கனம் சாஸ்தி என்றார் மேஸ்திரி. செங்கோடன் நிமிர்ந்து சிற்றரசைத்தான் பார்த்தார். “அறுபதுதானுங்களே சார்?” “அறுபதுதான்.” அது பொய்யில்லை. பெட்டி அறுபதுதான். பொய்யாக இருந்திருந்தால்கூடத் தொண்டையில் எங்காவது தடுத்திருக்கும்.

ஒவ்வொரு வளைவிலும் ஒரே மாதிரிதான் நடந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வளைவு எண் எழுதிய மஞ்சள் பலகை கண்ணில் பட்டதும் செங்கோடன் முதல் கியருக்கு இறங்குவார், வண்டி ஊர்வலத் தேர் மாதிரி ஊரும், பின்கதவின் மேல் உட்கார்ந்து வருகிற பாவாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொப்பென்று தார்ச்சாலையில் குதிப்பாள். சேலைக்கு மேல் புருஷனுடைய பழைய சட்டை. கையில் கயிறு கோத்த புளியமரக் கட்டை. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் கட்டையைப் பிடித்தபடி குனிந்து நடந்து வருவாள், வண்டி திணறி நின்றால் அடுத்த நொடியில் கட்டை சக்கரத்தின் அடியில் இருக்க வேண்டும். கிளீனர் திருப்பூருக்குப் போன பிறகு மூன்று வருஷமாக அவள்தான் கட்டைக்காரி. வளைவு முடிந்ததும் ஓடிவந்து ஏறிக்கொண்டு தகரத்தை இரண்டு தட்டுத் தட்டுவாள். சிற்றரசு தன் பக்கத்துக் கண்ணாடியில் இதைப் பார்த்துக்கொண்டே வந்தான். பார்க்கக்கூடாது என்று மலைப் பக்கம் முகத்தைத் திருப்பினால் காது பார்க்க ஆரம்பித்தது: குதிக்கிற சத்தம், செருப்புச் சத்தம், அப்புறம் எஞ்சின் இழுக்கிற சத்தத்தில் எல்லாம் மூழ்கிப்போகும், அந்த இடைவெளியில் அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது, இரண்டு தட்டு வருகிற வரைக்கும் இவனும் மூச்சு விடுவதில்லை. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. மொத்தம் எழுபது. எழுபது முறை ஒரு பெண் இரண்டரை டன்னுக்குப் பின்னால் குனிந்து நடக்கப்போகிறாள், ஒன்றரைக்கும் கொஞ்சம் மேலே என்று நினைத்துக்கொண்டு.

“இன்னிக்கு ஸ்டியரிங் பாருங்க சார், வெண்ணெயாட்டம் திரும்புது” என்றார் செங்கோடன், ஒற்றை விரலால் சுற்றிக் காட்டி. அது ஏன் என்று சிற்றரசுக்குத் தெரியும். பாரம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது, சக்கரம் சாலையைப் பிடிக்காமல் சாலைமேல் வெறுமனே இருக்கிறது. இது அவன் தொழில். பத்தொன்பது வருஷம் வளைகுடாத் துறைமுகம் ஒன்றில், குளிரூட்டிய அறையில், எந்தக் கன்டெய்னர் பெட்டி கப்பலில் எந்த இடத்தில் இருந்தால் கப்பல் சாயாது என்று கணக்குப் போட்டுக் கொடுத்துச் சம்பளம் வாங்கினவன். அங்கே ஒரு படிவம் உண்டு, இரண்டு கட்டம்: அறிவித்த எடை, உண்மை எடை. இரண்டும் ஒத்துப்போகாத பெட்டி வந்தால் அவனுக்கு ரத்தம் கொதிக்கும். பிளாஸ்டிக் நாற்காலி, பதினெட்டு டன் என்று எழுதி ஒரு பெட்டி வந்தது, உள்ளே முப்பத்தொரு டன் தரைக்கல். தூக்கும்போது கிரேன் கம்பி அறுந்து, கீழே நின்ற நேபாளத்துக்காரன் ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் போனது. தில்பகதூர். பேர் ஞாபகம் இருக்கிறது, முகம் இல்லை. அன்றைக்கு அறிக்கை எழுதும்போது அந்தப் பெட்டிக்காரனை இவன் மனசுக்குள் உருவாக்கி வைத்திருந்தான்: கறுப்புக் கண்ணாடி, தொப்பை, விரல் நிறைய மோதிரம், எதற்கும் அஞ்சாதவன். அவன் ஒரு சாதாரண ஆளாக இருந்திருக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் தோன்றவில்லை. சொன்ன வண்டி வராததால் வேறு வழி தெரியாமல் தலையாட்டினவனாக இருந்திருக்கலாம். அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் இருந்திருக்கலாம்.

இருபத்தெட்டாவது வளைவுக்கு மேலே கொஞ்ச தூரம் சிக்னல் கிடைத்தது, உடனே மனைவி எழிலி கூப்பிட்டாள். அவள் குரல் எப்போதும் போனைத் தாண்டி வெளியே கேட்கும். “கல்லு ஏத்தியாச்சாங்க?” என்றாள். சிற்றரசு போனைக் காதோடு அழுத்தி, அழுத்தினால் சத்தம் உள்ளேயே நின்றுவிடும் என்பதுபோல் அழுத்தி, “ம்” என்றான். “படிக்கல்லு முழுசும் வந்துருச்சா? இருபத்தெட்டுந்தானே?” “ம். வந்துட்டிருக்கேன். வந்து பேசறேன்.” வைத்த பிறகு செங்கோடனைப் பார்க்காமல் முன் கண்ணாடிக்கு மேலே தொங்குகிற காய்ந்த மாலையையே பார்த்தான். கேட்டிருக்கும். கேட்டிருக்காது. கேட்டிருந்தால் நல்லது, கேட்டிருந்தால் தான் சொல்ல வேண்டியதில்லை, அவரே கேட்பார், இவன் ஆமாம் என்றால் போதும், ஆமாம் என்பது எவ்வளவு சின்னச் சொல். கேளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினான். செங்கோடன் கிளட்சிலிருந்து இடது காலை எடுத்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, “உங்க ஊட்டுல அம்மணி வெடுக்குவெடுக்குன்னு பேசறாங்க, என்றவளாட்டவே” என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு தேய்ந்தது. “காலுல பலமே இல்லீங்க சார் இன்னிக்கு. சக்கரை வந்ததுலருந்தே இப்பிடித்தான். அறுபது பெட்டிய இழுக்க இந்த வண்டி இத்தன மொனகுமா? நாந்தான் சரியா ஓட்டல.” இல்லை, நீங்கள் சரியாகத்தான் ஓட்டுகிறீர்கள் என்று சொல்ல வாய் திறந்தான் சிற்றரசு. அப்படிச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். மூடிக்கொண்டான்.

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது, ஆறேழு விதமாக. ஆங்கிலத்தில் அமைத்துப் பார்த்தால் யாருமே குற்றவாளி இல்லாமல் சொல்லிவிடலாம், எடையில் சிறு வேறுபாடு நேர்ந்துள்ளது என்று, அறிக்கையில் எழுதுகிற மாதிரி. செங்கோடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது செல்லாது. அண்ணா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். அண்ணா, கடைக்காரங்க ஒரு வேலை பண்ணிட்டாங்க. இரண்டாவது சுலபம், முக்கால்வாசி உண்மையும்கூட. முப்பத்து மூன்றில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தபோது மேலிருந்து பஸ் இறங்கியது, செங்கோடன் ஓரம் கட்டி ஒற்றைக் கால் பிரேக்கில் நடுங்க நின்றார், அப்போது எப்படிச் சொல்வது. முப்பத்தைந்தில் கிளட்ச் கருகுகிற வாடை உள்ளே வந்தது, அப்போதும் முடியாது. முப்பத்தெட்டில் எல்லாம் நன்றாக இருந்தது, காற்றுகூடக் குளிர்ந்தது, அப்போது சொன்னால் ஏன் இத்தனை நேரம் சொல்லவில்லை என்று கேட்பாரே. ஒவ்வொரு வளைவும் முந்தினதைவிட விலை கூடிக்கொண்டே போயிற்று. இடது பக்கம் கதவு, கதவுக்கு வெளியே முழங்கால் உயரச் சுவர், சுவருக்கு வெளியே ஒன்றுமில்லை. வலது பக்கம் செங்கோடனின் முழங்கால், நடுங்குகிறது. முன்னால் போக மட்டும்தான் வழி. திரும்ப முடியாது, இந்தச் சாலையில் பாரவண்டியைத் திருப்ப ஓர் இடமும் கிடையாது.

நாற்பதில் அவனுக்கே தெரியாமல் கதவைத் திறந்து, “கால் மரத்துப் போச்சு, கொஞ்சம் நடந்து வர்றேன்” என்று இறங்கிவிட்டான். என்னுடைய எண்பத்திரண்டு கிலோவாவது குறையட்டும் என்று நினைத்தது உண்மை. அந்த எண்ணம் வந்ததும் சிரிப்பும் வந்தது உண்மை. பாவாயி கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, “சாரு எறங்கிட்டாரல்ல, இனி வண்டி குருவியாட்டம் பறக்கும் பாருங்க” என்றாள், முன்னால் கேட்கிற மாதிரி உரக்க. இவன் அவளோடு நடந்தான். பின்னாலிருந்து பார்த்தால் வண்டி வேறு மாதிரி இருந்தது. பெட்டிகள் பாதி உயரம்கூட இல்லை, இன்னும் எவ்வளவோ இடம் காலியாகக் கிடந்தது, எவனாவது பார்த்தால் இன்னும் இருபது பெட்டி வைக்கலாமே என்பான். கீழே பட்டை மட்டும் தலைகீழாக வளைந்திருந்தது, குப்புற விழுந்தவன் முதுகு மாதிரி. “நீங்க பயந்ததே இல்லையா?” என்று கேட்டான். “எதுக்குப் பயம்? அவருக்குத் தராசு வேண்டாமுங்க, கால்லயே தெரிஞ்சுரும். இத்தன பாரம், இந்த வளைவு, இத்தன மூச்சுன்னு. அவரு சத்தத்த வெச்சுத்தான் நானு கட்டைய எட்டவும் கிட்டவும் புடிக்கறது.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்குத்தான் ஒண்ணும் புரியலீங்க. காலைலருந்து எனக்கு வயசாயிருச்சு புள்ள, வண்டிய வித்தர்லாம்னு பொலம்பறாரு. அறுபது பெட்டிக்கு இப்பிடித் தெணறவும் அவருக்கே அவரு மேல நம்பிக்க போயிருச்சு.”

நாற்பத்திரண்டில் வண்டி நின்றது. சத்தம் முதலில் நின்றது, அப்புறம்தான் வண்டி. அந்த அமைதியில் ஒரு குருவி கத்தியது அவனுக்குக் கேட்டது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தபடியே, பிரேக்கைக் கேட்காமல், வண்டி பின்னால் வந்தது. ஒரு சாண்தான். பாவாயி எப்போது குனிந்தாள் என்று இவன் பார்க்கவில்லை. கட்டை சக்கரத்தின் அடியில் சிக்கி எலும்பு நொறுங்குகிற மாதிரி முனகி, தாரில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்து, நின்றது. அவள் கை கயிற்றில் இருந்தது. கை இருந்தது. விரல் ஐந்தும் இருந்தன, எண்ணினான். அவள் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்பிடி ஒருநாளும் இழுத்ததில்லையே” என்றாள், கட்டையிடம் சொல்கிற மாதிரி. அப்போது அவன் வாய் சொன்னது. அவன் தயாரித்த ஏழு வாக்கியங்களில் ஒன்றும் இல்லை அது. “அடியில கல்லு இருக்குதுங்க. படிக்கல்லு. இருபத்தெட்டு. நான்தான் ஏத்தச் சொன்னேன்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும், அறைந்தால் இன்னும் நன்றாக இருக்கும், ஏதோ ஒன்று முடிந்துவிடும். அவள் நிமிர்ந்து முதலில் முன்பக்கம் பார்த்தாள். “பாவாயி, போட்டுட்டயா?” என்று செங்கோடன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார். “போட்டாச்சு! நீங்க எறங்க வேண்டாம், பிரேக்க உடாதீங்க!” என்றாள் வழக்கமான குரலில். பிறகு இவனிடம், உதடு அசையாமல்: “எத்தன கனம்?” “எண்ணூத்தி நாப்பது.” அவள் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். “இப்பவே அவர்ட்டச் சொல்லிடறேன், இங்கியே இறக்கிரலாம்” என்று இவன் முன்னால் நகர்ந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வளைவுல நின்னா? மேலருந்து பஸ்ஸு மூஞ்சியத் திருப்புச்சுன்னா என்ன பண்ணுவீங்க? நாப்பத்தெட்டுல மட்டமா எடம் கெடக்குது. அங்க போயி எறக்கிக்கலாம். அங்க நானே சொல்லிக்கறன்.” “அதுவரைக்கும்…” “அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக்கூடாது. இப்பத்தான் ஒரு சாண் பின்னால வந்துருக்குது. இப்பப் போயி இதையச் சொன்னீங்கன்னா அந்த மனுசனுக்குக் கால் ஒதறும். ஒதறுற கால்ல கிளச்ச உட்டாருன்னா நானு எங்க போவேன்?” “அப்ப நீங்க பின்னால வராதீங்க, கட்டைய நான் புடிக்கறேன்.” “புடிச்சு?” என்றாள். அவ்வளவுதான். அப்புறம் கொஞ்சம் இரங்கின மாதிரி, “நா பின்னால இல்லீன்னா அவரு வண்டிய எடுக்கவே மாட்டாருங்க. போயி உள்ள உக்காந்து ஏதாச்சும் பேச்சுக் குடுங்க. நீங்க மூஞ்சியத் தொங்கப் போட்டா அவரு கண்டுபுடிச்சுருவாரு.”

ஆறு வளைவு. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியபோது கதவு முன்னைவிட நெருங்கி வந்த மாதிரி இருந்தது, சீட்டும் நெருங்கியது, கண்ணாடியும் நெருங்கியது. சொல்லிவிட்டால் லேசாகிவிடும் என்று நாற்பத்திரண்டு வளைவாக நினைத்துக்கொண்டு வந்தவன் இவன். இப்போது சொல்லியாகிவிட்டது, பாரம் அப்படியே இருக்கிறது, அதைத் தெரிந்தே ஒருத்தி பின்னால் நடக்கப்போகிறாள், இதுவரை தெரியாமலாவது நடந்தாள். “என்னவாம் அவளுக்கு, குசுகுசுன்னு பேசிட்டிருந்தீங்க?” என்றார் செங்கோடன், சாவியைத் திருகியபடி. அவர் நெற்றி முழுக்க வேர்வை. “மெதுவாப் போகச் சொன்னாங்க. உங்க கை மாதிரி வராதுன்னாங்க” என்றான் சிற்றரசு. குரல் நன்றாகவே வந்தது. “இது மொதத் தடவையா சொல்றா” என்று செங்கோடன் வெட்கப்பட்டார், முதுகை நேராக்கிக்கொண்டார், காலின் நடுக்கம் கொஞ்சம் அடங்கியது போலத்தான் இருந்தது. இன்னும் ஏதாவது பேச வேண்டும். எத்தனை வருஷமாக ஓட்டுகிறீர்கள், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், கீழே மழை உண்டா. பேசிக்கொண்டே தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான். பாவாயி சட்டையின் கையைச் சுருட்டிவிட்டாள். பிறகு ஒரு காலையும் மறுகாலையும் தூக்கி, செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வளைவின் சுவர்மேல் வைத்தாள், கோயில் வாசலில் வைக்கிற மாதிரி நேராக. வெறுங்காலைத் தாரில் ஊன்றி ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், பிடிமானம் இருக்கிறதா என்று. அப்புறம் கட்டையை எடுத்தாள். இந்தத் தடவை ஒரு சாண் இல்லை, இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை, சக்கரத்தோடு ஒட்டிக் குனிந்தாள்.

செங்கோடனும் தன் கண்ணாடியில் பார்த்துவிட்டார். “செருப்ப எதுக்குங்க செவுத்து மேல வெச்சுட்டு வர்றா இவ?”

“வார் அறுந்துருச்சாம்” என்றான் சிற்றரசு.

“போன சந்தையிலதானுங்க வாங்கிக் குடுத்தேன்” என்று சிரித்துக்கொண்டே செங்கோடன் கிளட்சை விட்டார்.